பத்து மைலுக்கு ஒரு தட்டு

வீரன் ஓமலூர் வரைக்கும் வந்துவிட்டான் என்று கந்தம்மாள் நினைத்துக்கொண்டாள். போன மாதம் தொப்பூரில் இருந்தான். அதற்கு முன்னால் தருமபுரியில். புருஷன் இன்னும் நாலு பேரிடம் சொன்னால் போதும், சேலத்தைத் தாண்டி, மல்லூரைத் தாண்டி, ராசிபுரம் ஷெட் வாசலில் வந்து இறங்கி, தலைத்துண்டை உதறிக்கொண்டு நிற்பான்.

வீரன் செத்து மூன்று மாதம் ஆகிறது. கதவுக்கு உள்பக்கம், சுற்ற நூலில்லாத வெறும் ராட்டையை விரலால் தள்ளிவிட்டபடி, வாசலில் புருஷன் குமாரசாமி பேசுவதை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். லாரி முதலாளி மருதாசலம் ராசிபுரத்திலிருந்து குதிரை வண்டியில் வெண்ணந்தூருக்கே வந்திருந்தார். அவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, எதிரே குமாரசாமி நின்றான். சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு அவள் தம்பி செங்கோடன். வீரன் செத்த கதையை முதலாளி கேட்கவில்லை. குமாரசாமியாகத்தான் எடுத்தான்.

"ஓமலூர் மைல்கல்லுகிட்டப் பலகையத் தட்டுனேனுங்க. ரெண்டு தட்டுத் திருப்பித் தட்டுனான். தெளிவாக் கேட்டுச்சு. அதுக்கப்பறம் சேலத்துக்கு ஒம்போது மைலு. அதுக்குள்ள போயிட்டான். எல்லாம் அந்தப் படுதாவால வந்ததுங்க. சாரலுக்குப் பயந்து இறுக்கிக் கட்டிட்டான்."

முதலாளி உச்சுக்கொட்டினார். விதி என்றார். பிறகு வந்த விஷயத்துக்கு வந்தார்.

யுத்தம் வந்து பெட்ரோல் அரிதாகிப் போனபின் லாரிகளெல்லாம் கரியில்தான் ஓடின. வண்டியின் இடுப்பில் ஆளுயர இரும்பு டிரம். அதற்குள் கரி கனியும். அதிலிருந்து வரும் வாயுதான் எஞ்சினுக்குத் தீனி. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஆள் படுக்கிற நீளத்துக்கு ஒரு பலகை. பெங்களூருக்கும் திருச்சிக்கும் சரக்கு போகிற வண்டிகளில் இரண்டு டிரைவர்கள். ஒருவன் ஓட்டும்போது மற்றவன் அந்தப் பலகையில் தூங்குவான். டிரம்முக்கும் பலகைக்கும் ஒரு முழம்கூட இருக்காது. டிரம்மில் எங்காவது கசிந்தால் அந்த வாயுவுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது; பக்கப் படுதாவை இறுக்கிக் கட்டிவிட்டால் வெளியேற வழியும் கிடையாது. தூங்குகிறவன் தூங்கினபடியே போய்விடுவான். அதனால் டிரைவர்கள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பத்து மைலுக்கு ஒரு தட்டு. ஓட்டுகிறவன் இடது கையைப் பின்னால் நீட்டிப் பலகையை ஒரு தட்டுத் தட்டுவான். தூங்குகிறவன் கண்ணைத் திறக்காமலே விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவான். பதில் வராவிட்டால் வண்டியை ஓரங்கட்ட வேண்டும். முன்பின் தெரியாத இரண்டு பேரைச் சேர்த்து ஏற்றிவிட எந்த முதலாளியும் துணியாததற்கு இதுதான் காரணம். ஒருவன் உயிர் ஒருவன் கையில் இருக்கிறது.

குமாரசாமிக்கு மூன்று மாதமாக ஜோடி நிலைக்கவில்லை. பெரிய லாரி ஷெட்டில் பாதி நாள் நிற்கிறது. முதலாளி அதைத்தான் சொன்னார். வியாழக்கிழமை பெங்களூருக்கு நிலக்கடலை ஏற்றுகிறோம். இந்த நடைக்கும் ஆள் அமையாவிட்டால் வண்டியை வேறு கைக்கு மாற்றுவதைத் தவிர வழியில்லை. அதற்காக வெளியே எங்கேயும் போய்த் தேட வேண்டாம். இதோ நிற்கிறானே செங்கோடன், ஆறு மாதமாக லைசென்ஸை மடியில் கட்டிக்கொண்டு.

"மாமனும் மாப்பிள்ளையும் ஒரே வண்டியில போனா சண்டை வந்தாலும் ஊட்டுக்குள்ளயே தீந்துரும். சொந்தம்னா பாத்துப் பதனமாக் கூட்டிட்டுப் போயிக் கூட்டிட்டு வருவாப்ல. எனக்கும் நிம்மதி" என்றார் மருதாசலம். பிறகு கதவுப் பக்கம் குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "ஏம்மா, வெசாழக்கெழமை ஒரே மூட்டையாக் கட்டிக் குடுத்துரு" என்றார்.

பெண்பிள்ளை வாசலில் உட்கார்ந்திருக்கும் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது அப்போது கந்தம்மாளுக்கு வசதியாக இருந்தது.

மூட்டை என்று அவர் சொன்னது கட்டுச்சோற்றை. அந்த ஷெட்டில் அதுவும் ஒரு வழக்கம். இரண்டு பேர் ஜோடியாகச் சேர்ந்துவிட்டால் ஒரு வண்டிக்கு ஒரே சோற்று மூட்டை. ஒரு நடைக்கு இவன் வீட்டிலிருந்து, அடுத்த நடைக்கு அவன் வீட்டிலிருந்து. ஒரே வண்டியில் இரண்டு மூட்டை ஏறினால் தொப்பூர் மேடு ஏறுவதற்குள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகாமல் போய்விடும் என்பார்கள். புது ஜோடி என்றால் முதல் மூட்டை பெரிய டிரைவர் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். கிளம்பும்போது மருதாசலம் டயரைப் பார்ப்பதற்கு முன்னால் மூட்டையைப் பார்ப்பார்; அதில் இரண்டு பேர் சோறு இல்லையென்றால் அந்த ஜோடியை ஏற்றமாட்டார்.

நாலு வருஷம் கந்தம்மாள் வீரனுக்கும் சேர்த்துக் கட்டினாள். வீரன் ஏரிக்கரைத் தெருக்காரன். கரி மூட்டை தூக்க வந்து, வண்டி கழுவி, ஓட்டக் கற்றுக்கொண்டவன். அவர்கள் தெருவுக்குள் வந்தால் வாசலோடு நின்றுவிடுவான். உள்ளே வா என்று யாரும் சொன்னதுமில்லை. ஆனால் கிருஷ்ணகிரிக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு புளியமரத்தடியில் அவள் பிசைந்த புளிச்சோற்றை ஒரே வாழைச்சருகிலிருந்து இரண்டு பேரும் எடுத்துச் சாப்பிட்டார்கள். அடுத்த நடையில் வீரன் பெண்டாட்டி பொன்னாயி கட்டின களியையும் அப்படித்தான். இது தெருவுக்குத் தெரியாது. கந்தம்மாளுக்குத் தெரியும். தெரிந்ததாக அவள் காட்டிக்கொண்டதில்லை.

இன்னொன்றையும் அவள் காட்டிக்கொண்டதில்லை. அவளுக்கு வீரனைப் பிடிக்காது. அவனிடம் குறை ஒன்றும் இல்லை. வீட்டில் குமாரசாமி பேசுகிற ஆள் இல்லை. தறியில் உட்கார்ந்திருந்த காலத்திலும் அப்படித்தான், நூல் கிடைக்காமல் தறியை விட்டு லாரிக்குப் போன பிறகும் அப்படித்தான். ஆனால் ஷெட்டில் வண்டி வந்து நிற்கும்போது ஒரு நாள் அவள் பார்த்தாள். எதற்கோ இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். சிரிப்பு அங்கே தொடங்கியதல்ல, முப்பது மைலுக்கு முன்னாலேயே தொடங்கி ஓய்ந்து ஓய்ந்து வந்த சிரிப்பு. அவளுக்கு அது யாரோ நெஞ்சில் விரலால் குத்தினது போல இருந்தது. அவளுக்கும் அவனுக்கும் கல்யாணத்துக்கு முன்னால் பத்துப் பொருத்தம் பார்த்தார்கள். எட்டுப் பொருந்தியது என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். வீரனுக்கும் குமாரசாமிக்கும் எந்த ஜோசியனும் எதுவும் பார்க்கவில்லை. இருந்தும் அவர்கள் எவ்வளவு பொருந்தினார்கள். ஒருவன் கை வலிக்கும்போது மற்றவனுக்குத் தானாக விழிப்பு வருமாம். குமாரசாமி அவளிடம் வாய்விட்டுச் சொன்ன சில விஷயங்களில் அது ஒன்று.

வீரன் செத்த அன்று சாயங்காலம் குமாரசாமி வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தான். அவள் கஞ்சி வைத்தாள். கஞ்சியைப் பார்த்தபடியே, அவளிடம் என்றுகூடச் சொல்ல முடியாது, சொன்னான்.

"தருமபுரியில தட்டுனேன். பதில் தட்டுனான். அப்பறம் தொப்பூர் வந்துச்சு. பெங்களூர்ல இருந்து விடியற மட்டும் அவந்தான் புள்ள ஓட்டுனான். எனக்குக் காய்ச்சல்னு என்னையப் படுக்கப் போட்டுட்டு அவனே ஓட்டுனான். அசந்து கெடந்தான். சாரல் வேற. எழுப்ப மனசு வரல. கொஞ்சம் தூங்கட்டும்னு உட்டுட்டேன். ஓமலூர்லயும் மனசு வரல."

கஞ்சி ஆடை கட்டிப் போயிற்று. கந்தம்மாள் அவன் தோளைத் தொடலாமா என்று நினைத்தாள். தொட்டிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியதெல்லாம், இந்த மனுஷனுக்கு இப்படி ஒரு இரக்கம் இருக்கிறதென்று இத்தனை வருஷத்தில் தனக்குத் தெரியவில்லையே என்பதுதான். அதைப் பிறகு நினைக்கும்போது வெட்கமாக இருந்தது.

மறுநாள் போலீசில் எழுதிக் கொடுக்கும்போது வீரன் தொப்பூர் வரைக்கும் பதில் தட்டியிருந்தான். அவள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. போலீஸ்காரன் முன்னால் யாருக்குத்தான் வாய் குளறாது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அவன் தொப்பூர் என்றே சொன்னான். துக்கம் கேட்க வந்தவர்களிடம் தொப்பூர். அவளிடமும் ஒரு தடவை, அவளுக்குத் தெரியாததைச் சொல்வது போல, தொப்பூர். சொல்லும்போது அவன் கண்ணில் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு அச்சமாக இருந்தது. பொய் சொல்கிறவன் பார்வை ஒரு கணமாவது எங்காவது ஒதுங்கும். இவன் கண் தெளிந்திருந்தது.

அந்த முதல் மாதத்தில் பள்ளிபாளையத்திலிருந்து வேலுசாமி என்ற ஒருவர் ஜோடியாக வந்தார். நாற்பது வயதிருக்கும். வாயாடி. வெற்றிலையும் பேச்சும் ஓயாது. கந்தம்மாள் மூட்டை கட்டிக் கொடுத்தாள். ஒரே ஒரு நடைதான் போனார். திரும்பி வந்ததும் சோறு கட்டின துணியைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்தார். துணியை மடித்துக் கொடுத்தால் இனிமேல் ஒத்துவராது என்று அர்த்தம்.

"ஏனுங்கம்மா, உங்க ஊட்டுக்காரரு டிரைவருங்களா, பஜனை மடத்துக்காரருங்களா? மைலுக்கு மைலு பலகையத் தட்டறாரு. பதில் தட்டலீன்னா வண்டிய நிறுத்தி மூக்குல வெரல் வெச்சுப் பாக்கறாரு. பெங்களூர் போயி வாரதுக்குள்ள எனக்கு மூக்குல காப்பே காச்சிருச்சு. மனுசன் தூங்க வேண்டாமுங்களா?"

கந்தம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று மாதத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். அவர் போன பிறகு அவளுக்கு என்னவோ ஒரு தைரியம் வந்தது போல இருந்தது. தட்டுகிறான். அப்படியானால் அவனுக்கு ஞாபகம் இருக்கிறது.

அதற்கப்புறம் ஒரு மத்தியானம். வண்டி இல்லாத நாட்களில் குமாரசாமி சாப்பிட்டுவிட்டுத் தறிக்குழிக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுத் தூங்குவான். வெறும் தறி. பாவு நூல் இல்லை. நெய்த துணியைச் சுருட்டுகிற படைமரம் மட்டும் எண்ணெய்க் கறுப்போடு குறுக்கே கிடந்தது. அவள் குழியோரம் உட்கார்ந்து சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். தூக்கத்திலேயே அவன் இடது கை பின்னால் நீண்டது. படைமரத்தில் ஒரு தட்டு. கை அப்படியே நின்றது. மறுபடியும் ஒரு தட்டு. அவன் நெற்றி சுருங்கியது. மூச்சு ஏறி ஏறி இறங்கியது. உதடு ஏதோ சொல்லப் பார்த்தது. இன்னொரு தட்டு. அவளுக்குத் தாங்கவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டி, விரல் முட்டியால் படைமரத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

அவன் முகம் விரிந்தது. கை மார்புக்குத் திரும்பியது. குழந்தை மாதிரித் தூங்கினான்.

அன்றிலிருந்து எல்லா மத்தியானமும் அவள் தட்டினாள். யாரிடமும் சொல்லவில்லை. அவனிடமும் சொல்லவில்லை. பதினைந்து வருஷத்தில் அவன் கேட்டு அவள் கொடுத்த எதிலும் இத்தனை நெருக்கம் இருந்ததாக அவளுக்குத் தோன்றவில்லை. ஒரு தட்டு, இரண்டு தட்டு. சில நாள் அவன் படுத்ததும் அவள் கை வேலையை நிறுத்திக்கொண்டு காத்திருக்கும்.

முதலாளி வந்துபோன அன்று சாயங்காலம் செங்கோடன் அடுப்படியில் வந்து குந்தினான். இருபத்திரண்டு வயது. அம்மா போன பிறகு அவள் வளர்த்த பிள்ளை. அவன் தூக்கம் தெருவுக்கே பிரசித்தம். தெருவில் நூலை நீட்டிப் பாவோடும்போது நின்றபடியே தூங்கி நூலை அறுத்துக்கொண்டதைச் சொல்லி இன்றைக்கும் அவனைக் கேலி செய்வார்கள்.

"அக்கா, புளிச்சோத்துல நெலக்கடல தூக்கலாப் போடு. வண்டி நெறையக் கடலையத்தான் ஏத்திட்டுப் போறோம். அதுல கை வெச்சா மொதலாளி தொலிய உரிச்சுருவாரு."

"உனக்கு அந்த வேலை எதுக்குடா சாமி? நூல் கண்ட்ரோல் என்னைக்காவது தீராதா?"

"தீந்தா தறிக்கு வாரேன். அது வரைக்கும் காத்தையா நெய்யறது?" அவன் தரையில் விரலால் ஒரு ஸ்டியரிங் வரைந்தான். "மாமங்கூடப் போறதுக்கு நீ எதுக்கு மூஞ்சியத் தூக்கற? வேற எவங்கூடவோ போனா நீ பயப்படலாம். மாமன் என்னையச் சாவ உடுவாரா?"

அவள் அடுப்பில் விறகைத் தள்ளினாள். விடமாட்டார் என்பது உண்மை. தம்பி என்றால் குமாரசாமிக்கு உயிர். கல்யாணத்தன்று ஏழு வயதுப் பையனாக அவன் மடியில் தூங்கிப்போனவன், மணவறையிலேயே. எழுப்பாதீங்க, கெடக்கட்டும் என்று சொல்லி, கால் மரத்துப் போகும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தான் மாப்பிள்ளை. அதைப் பார்த்துத்தான் அவளுக்கு அவன்மேல் முதல் முதலாகப் பிரியம் வந்தது. இப்போது அது ஞாபகம் வந்ததும் தள்ளின விறகை அடுப்புக்கு வெளியே இழுத்துவிட்டாள்.

புதன்கிழமை ரேஷன் கடை வரிசையில் பொன்னாயியைப் பார்த்தாள். பொன்னாயி தள்ளி இன்னொரு வரிசையில் நின்றாள். இவளைக் கண்டதும் தானாகவே கிட்டே வந்தாள். கழுத்தும் கையும் மூளியாக இருந்தன. முகம் மட்டும் என்னவோ போன மாதத்தைவிடத் தெளிந்திருந்தது.

"மொதலாளி சொன்னாருங்க அம்மிணி. ஓமலூரு வரைக்கும் பதில் தட்டிட்டுத்தான் வந்தாராமா. அங்கிருந்து எங்காத்தா ஊரு ரெண்டு மைலுதானுங்க. கண்ணாலம் முடிச்சு என்னைய அந்த ரோட்டுலதான் நடத்திக் கூட்டிட்டு வந்தாரு. அந்த எடம் தாண்டுற மட்டும் உசுரு இருந்திருக்குது. அது போதுமுங்க எனக்கு."

கந்தம்மாள் என்ன சொல்வது? தொப்பூர் மலையிறக்கத்திலேயே முடிந்திருக்கலாம், என் புருஷன் தட்டவேயில்லை என்றா? அதைச் சொன்னால் யாருக்கு என்ன மிஞ்சும்? ஆமாங்க என்று மட்டும் சொன்னாள். பொன்னாயி அவள் கையைத் தொட வந்து, தொடாமல், தன் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். வழி நெடுக அந்தத் தொடாத கை கந்தம்மாளோடு நடந்து வந்தது.

ஆக, அந்தக் கதையை அவளால் திருப்பி எடுத்துக்கொண்டு போக முடியாது. அதை நம்பி ஒருத்தி நிற்கிறாள்.

வியாழக்கிழமை காலையில் அவள் புளியைக் கரைத்து வைத்துவிட்டு அரிசிப் பானையின் முன் உட்கார்ந்தாள். அரிசி அருமையான காலம். வழிச்சோற்றுக்கென்று எடுத்து வைத்திருந்தது. இரண்டு பேருக்கு இரண்டு படி. முறத்தில் இரண்டு படியையும் அளந்து கொட்டினாள். கல் பொறுக்கினாள். குமாரசாமி குளித்துவிட்டு வந்து அவள் எதிரில் குந்தி அரிசியைப் பார்த்தான். அவன் முகத்தில் மூன்று மாதமாக இல்லாத ஒரு மலர்ச்சி. வண்டி கைவிட்டுப் போகாது என்ற நிம்மதி மட்டுமில்லை. கூடப் பேச்சுக்கு ஒரு ஆள் வருகிறான் என்ற மலர்ச்சி. அவளுக்கு அது தெரிந்தது.

"நீ ஒண்ணும் விசனப்படாத. அவனைய நான் பாத்துக்கறேன்" என்றான் அவன்.

"எப்படிப் பாத்துக்குவீங்க?"

"படுதா கட்ட உடமாட்டேன். மழை வந்தா நனையட்டும். மேடு எல்லாம் நானே ஓட்டிக்கறேன். அவன் பாட்டுக்குத் தூங்கட்டும்."

கந்தம்மாள் ஒரு கல்லை எடுத்து ஓரமாக வைத்தாள். "தட்டுவீங்கல்ல?"

அவன் சிரித்தான். அன்பான சிரிப்பு. "அவந் தூக்கம் உனக்குத் தெரியாதா? பாவம், பையனைய எதுக்கு எழுப்பிக்கிட்டு. தட்டித்தான் என்ன ஆச்சு? வீரனையும் ஓமலூர்ல தட்டினேன். பதில் தட்டினான். அப்பறமும் போவுலியா? தட்டறதுல ஒண்ணுமில்ல புள்ள. எல்லாம் அந்தப் படுதாதான்."

அவள் நிமிர்ந்து அவன் கண்ணைப் பார்த்தாள். அதே தெளிவு. எங்கும் ஒதுங்காத பார்வை. வேலுசாமியின் மூக்கில் விரல் வைத்துப் பார்த்த ஆள் இவனில்லை. அந்த ஆள் மூன்று மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக, ஊர் ஊராகப் பின்தங்கி, தருமபுரியிலேயே எங்கோ நின்றுவிட்டான். வீரன் ஒவ்வொரு ஊராக முன்னால் வர வர, அவன் அங்கேயே நின்றுவிட்டான். ஒவ்வொரு மத்தியானமும் படைமரத்தில் கேட்ட இரண்டு தட்டு யாருடைய கையிலிருந்து வந்தது என்று நினைத்ததும் அவளுக்கு அரிசி கண்ணில் மங்கியது. தட்டினேன், பதில் தட்டினான் என்கிறான். பொய்யில்லை. அவனுக்குப் பதில் வந்துகொண்டுதான் இருந்தது.

அவன் எழுந்து ஷெட்டுக்குப் போட்டுக்கொண்டு போகிற சட்டையைத் தேடப் போனான். தெருவில் செங்கோடன் யாரிடமோ பெங்களூரிலிருந்து என்ன வாங்கி வர வேண்டுமென்று கேட்டுக்கொண்டிருந்தது கேட்டது. பிறகு அவள் ஒரு படியை எடுத்து, முறத்திலிருந்து அரிசியைத் தலை தட்டி அளந்து, பானையில் திரும்பக் கொட்டினாள்.

ஒரு படிச் சோறு சீக்கிரம் வெந்தது. புளியை ஊற்றிக் கிளறி, ஆறவிட்டு, வாழைச்சருகை நெருப்பில் வாட்டி விரித்து, ஒரு ஆளுக்கு உண்டானதை வைத்து மடித்தாள். துணியை எடுத்துக் கட்டினாள். இரண்டு பேர் மூட்டைக்குப் பழகிய துணி அது. ஒருவன் சோற்றைச் சுற்றி வந்த பிறகும் முனைகள் நீளமாக மிஞ்சின. அவற்றை அவள் இன்னொரு முடிச்சுப் போட்டு முடித்தாள். வேலுசாமி மடித்துக் கொடுத்த அதே துணி. பள்ளிபாளையத்துக்கு ஆள் அனுப்பினால் அவர் வருவாரா என்று ஒரு கணம் நினைத்தாள். வந்தாலும் இனி அவரையும் இவன் தட்டுவானா?

மத்தியானம் கிளம்புவதற்கு முன்னால் குமாரசாமி, முறத்தோடு அவள் உட்கார்ந்திருந்த தறிக்குழிப் பக்கம் வந்தான். மூட்டையைக் கையில் தூக்கிப் பார்த்தான். எடை அவனுக்குத் தெரியும். கீழே வைத்தான்.

"என்ன, ஒருத்தன் சோறுதான் இருக்குது?"

"ஒருத்தருக்குத்தானுங்க."

"செங்கோடனுக்கு?"

"அவனுக்கு நான் கட்டல."

அவள் குரல் அவளுக்கே அடுத்த வீட்டுக் குரல் போலக் கேட்டது. அவன் கோபப்படுவான் என்று நினைத்தாள். ஷெட்டில் முதலாளி காத்திருக்கிறார். வண்டி கைமாறிவிடும். தம்பி இரண்டு நாளாகத் தெருவெல்லாம் சொல்லிவிட்டான்; பெற்ற தாய் மாதிரி வளர்த்தவள் பிள்ளைக்கு ஒரு வாய்ச்சோறு கட்ட மனமில்லாமல் போனாளே என்று ஊர் பேசும். இதையெல்லாம் அவன் சொல்வான் என்று நினைத்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"ஏம் புள்ள?" என்றான் கடைசியில்.

அவளிடம் பதில் இருந்தது. ஒரே ஒரு ஊர்ப் பெயர்தான், தருமபுரி. அதைச் சொன்னால் அவன் இந்தத் தரையில் அப்படியே உடைந்து விழுவான் என்று அவளுக்குத் தெரியும். சொல்லாமல் இருந்தால்? அதுதான் அவளுக்குத் தெரியவில்லை. அவள் முறத்தில் பொறுக்கி வைத்திருந்த கற்களை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் எடுத்துக்கொண்டாள்.

வாசலில் செங்கோடன் வந்து நின்றான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். மடிப்புக் கலையாமல் இருக்கக் கையை உடம்பிலிருந்து தள்ளியே வைத்திருந்தான். "மாமா, போலாமுங்களா?"

குமாரசாமி திரும்பவில்லை. தறிக்குழியின் விளிம்பில் மெதுவாக உட்கார்ந்தான். காலை உள்ளே தொங்கவிட்டான், பழைய நாட்களில் நெய்ய உட்காருகிற மாதிரி. கண் திறந்துதான் இருந்தது. இடது கை பின்னால் போயிற்று. படைமரத்தில் ஒரு தட்டு.

கந்தம்மாளின் விரல்கள் கற்களின்மேல் மடங்கின.

அவன் கை மரத்திலேயே இருந்தது, காத்துக்கொண்டு. மறுபடியும் தட்டினான். முதலில் தட்டியதைவிட மெதுவாக. வெறும் தறியில் அந்தச் சத்தம் வீடு முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு, வாசலில் வெள்ளையாக நிற்கும் தம்பியைப் பார்த்தபடி, பதில் தட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.